பேரம் பேச முடியாத சரக்கு

வெள்ளிக்கிழமைதோறும் வேப்பூரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் நோக்கிச் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. விடிவதற்கு முன்பே சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆடுகள் வந்து சேர்ந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் குர்பானிக்கு ஆடு வாங்க நம்மவர்களும் அங்கே திரளாகச் செல்வது வழக்கம். இதனைப் படிக்கும் அன்பர்களில் சிலரேனும் அந்தச் சந்தையில் நின்று விலை பேசியிருப்பீர்கள்.

அங்கே நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். விற்பவர் ஒரு விலை சொல்கிறார். வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; முதுகைத் தடவுகிறார்; பாதி விலைக்குக் கேட்கிறார்; வேண்டாமென்பது போல் நாலடி நடக்கிறார். விற்பவர் கலங்குவதில்லை. விலை கட்டாவிட்டால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த வெள்ளிக்கு மறுபடியும் வருவார். ஏழு நாளில் ஆடு கெட்டுப் போவதில்லை. நன்றாக மேய்ந்தால் சற்றுத் தேறியும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லித் திரும்பிப் போக முடிகிறவருக்கே விலை சொல்லும் தகுதி உண்டு. பேரம் என்பதன் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

அந்தச் சந்தையிலிருந்து சற்றேறக்குறைய 20 கிலோமீட்டர் கிழக்கே விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் இருக்கின்றன. அங்கே பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, பிசிறு சீவி, மெருகு தோய்த்து, சூளையில் அடுக்கும் தொழிலாளிக்கும் விற்பதற்கு ஒரு சரக்கு உண்டு. அவனுடைய இன்றைய உழைப்பே அந்தச் சரக்கு. இன்று விலை கட்டவில்லையென்று அதை வீட்டுக்கு ஓட்டிச் சென்று அடுத்த வெள்ளிக்குத் திரும்பக் கொண்டு வர முடியுமா? மாலையில் கதிரவன் மறையும்போது இன்றைய உழைப்பும் மறைந்து போகிறது. உலகில் இவ்வளவு விரைவில் கெட்டுப் போகும் சரக்கு வேறொன்றில்லை. தனியே நின்றால் பேரமே பேச முடியாத சரக்கு அது.

இந்த எளிய உண்மையை மறந்துவிட்டு, உலக வாணிபத்தைப் பற்றி இருவகையான வாதங்கள் நம்மிடையே உலவுகின்றன. "வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்துவிட்டால் தொழிலாளியின் கூலி தானே உயரும்" என்பார் ஒருசாரார். "கதவைத் திறந்து வைத்தால் போதும், மலிவும் வளமும் எல்லார் வீட்டுக்கும் வந்து சேரும்" என்பார் மறுசாரார். இவ்விரு கூற்றையும் நாம் மறுக்கிறோம். இரண்டிலும் பேசப்படாத ஆள் ஒருவன் இருக்கிறான். சூளை முன் நிற்கும் அந்தத் தொழிலாளியே அவன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் பீங்கானுக்கு உகந்த களிமண் உண்டு. அந்த மண்ணை அருகில் வைத்துக்கொண்டு வளர்ந்தது விருத்தாசலத்துத் தொழில். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க அங்கே அரசு ஒரு கல்வி நிலையத்தையும் ஏற்படுத்தியது. அகல் விளக்குகள், பொம்மைகள், மின்சாரத்துக்கு வேண்டிய ஃபியூஸ் கட்டைகள் எனச் சிறுசிறு கூடங்களிலிருந்து சரக்கு வெளியூர் சென்றது. அந்நாளில் நுகர்பொருள் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது.

அந்தக் கட்டுப்பாடு நின்றுபோன கதை நெடிது, சுருக்கமாகச் சொல்வோம். 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் உலக வாணிப அமைப்பு பிறந்தது. இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா அங்கே வழக்காடியது. 1999-இல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. 2000 ஏப்ரல் முதல் நாள் 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் முதல் நாள் 715 பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. அதே 2001 டிசம்பர் 11 அன்று சீனா அந்த அமைப்பில் உறுப்பாயிற்று. பெருந்தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட கோப்பையும் பொம்மையும் விளக்கும் கப்பலேறின. சிறு கூடத்தில் கையால் மெருகு தோய்த்த பொம்மைக்கு அருகே, கடல் கடந்து வந்த பொம்மை குறைந்த விலைச் சீட்டோடு வந்து உட்கார்ந்தது.

நேர்மை கருதி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்தின் துன்பம் அனைத்தையும் சீனத்தின் தலையில் சுமத்துவது அறிவுடைமையாகாது. வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தைத் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள் பிடித்துக்கொண்டன. ஊறுகாய் ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. இவை கப்பலில் வந்த கேடுகளல்ல. காலத்தோடு வந்த மாற்றங்கள். ஆயினும் கூலி கேட்டு ஒரு தொழிலாளி வாய் திறந்தால், அவனுக்குக் கிடைக்கும் விடையில் வருவது சுவிட்சும் அன்று, பிளாஸ்டிக்கும் அன்று. "சீனக்காரன் என்ன விலைக்குக் கொடுக்கிறான் தெரியுமா?" என்பதே எங்கும் சொல்லப்படும் விடை.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் உலக வாணிபம் தொழிலாளியின் கழுத்தைத் தொடுகிறது. எப்படி என்று பார்ப்போம். ஊருக்குள் போட்டியில்லாத காலத்தில் முதலாளி கூலியைக் கூட்டினால், சரக்கின் விலையைச் சற்று ஏற்றி ஈடு கட்டலாம். அதே போன்ற சரக்கு கடலுக்கு அப்பாலிருந்தும் வருகிறதென்றால் விலையை ஏற்ற இயலாது. ஏற்றினால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே கூலியில் ஒரு ரூபாய் கூடினாலும் ஆள் குறைப்பு என்ற பேச்சு முன்பைவிட விரைவாக எழுகிறது. டானி ராட்ரிக் என்னும் பொருளியலறிஞர் 1997-இல் எழுதிய நூலில் இதனை எடுத்துக் காட்டினார். பிறகு ரானா ஹசன், தேவாசிஷ் மித்ரா, கே. வி. ராமசாமி ஆகிய மூவர் இந்தியத் தொழிற்சாலைகளின் கணக்குகளையே ஆராய்ந்து 2007-இல் முடிவு வெளியிட்டனர். 1991-க்குப் பிறகு சுங்கவரி குறைந்தபோது, கூலியின் ஏற்றத்துக்கேற்ப ஆட்களைக் குறைக்கும் போக்கு கூர்மையடைந்தது என்பதும், தொழிலாளர் சட்டங்கள் நெகிழ்ந்திருந்த மாநிலங்களில் அது மேலும் கூர்மையாக இருந்தது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அச்சுறுத்தலை நிறைவேற்ற வேண்டுமென்பதே இல்லை, சொன்னாலே போதும். சூளையை மூடாமலேயே, "மூடிவிடுவேன்" என்ற சொல்லால் கூலியைக் கட்டிப்போடலாம். பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் அரசாங்க ஆண்டாய்வு என்ன சொல்கிறது? 1980-களின் தொடக்கத்தில் தொழிற்சாலையில் கூடிய நிகர மதிப்பில் தொழிலாளரின் ஊதியம் ஏறத்தாழ 30 விழுக்காடு. 2000-களின் பிற்பகுதியில் அது 10 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றது. இயந்திரங்கள் பெருகியது இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தக் கூலியாட்களின் பங்கு 1990-களின் இறுதியில் சுமார் 16 விழுக்காடாக இருந்தது, 2023-24-இல் 40 விழுக்காட்டைக் கடந்துவிட்டதே! அதுவும் இயந்திரத்தின் வேலையா? மனிதர் திட்டமிட்டுச் செய்த வேலை அது.

இனி, "சுவரை எழுப்புங்கள்" என்போருக்கு வருவோம். கடல் வாணிபத்தைச் சபிக்கும் உரிமை நமக்கு உண்டா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விருத்தாசலத்தைத் தழுவி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்தத் துறைமுகத்திலிருந்து மரக்கலமேறி மலாய் நாட்டுக்கும் சுமத்ராவுக்கும் துணி கொண்டு போனவர்கள் நம் முன்னோர். இராமநாதபுரம் சீமையில் பெரியபட்டினத்தைத் தோண்டியபோது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. சீனத்துக் கோப்பை நம் கரைக்கு நேற்று வந்த விருந்தாளியன்று. குறைஷியரின் மாரிக்கால, கோடைக்கால வாணிபப் பயணங்களைக் கூறும் அத்தியாயத்தை ஓதும் சமுதாயம் வாணிபத்தை வெறுக்கக் கற்றதில்லை. அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயத்தையும் அதே சமுதாயம்தான் ஓதுகிறது. ஆகவே நமது கேள்வி வாணிபம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அளவு சரியாக இருக்கிறதா என்பதே.

சுவர் எழுந்த இடங்களில் தொழிலாளி பெற்றது என்ன? சீனத்துத் தரை ஓடுகள் மலிவாக வந்து குவிந்தபோது, 2003-இல் இந்திய அரசு பொருள் குவிப்புத் தடுப்பு வரியை இறுதி செய்தது. அந்த நிழலில் குஜராத்தின் மோர்பி நகரம் ஓங்கி வளர்ந்தது. நாட்டின் ஓடு உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு இன்று அங்கிருந்துதான் வருகிறது. நல்லதே. ஆனால் அதே குஜராத்தின் பீங்கான் கூடங்களில், வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உட்பட எத்தனையோ கூலியாட்கள் மணல் தூசு நுரையீரலில் படிந்து இருமி மெலிகிறார்கள் என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது. வரி, சரக்கைக் காத்தது. சரக்கைச் செய்தவனைக் காக்கும்படி அந்த வரிக்கு எவரும் கட்டளையிடவில்லை. அவன் சார்பில் கேட்க ஆளில்லாத இடத்தில், சுவரின் நிழல் முதலாளியின் முற்றத்தில்தான் விழும்.

"கதவைத் திறந்தால் வளம் வரும்" என்போருக்குத் திருப்பூரைக் காட்டுகிறோம். அது இறக்குமதியால் வாடிய ஊரன்று. ஏற்றுமதியால் செழித்த ஊர். 1984-இல் பஞ்சப்படி கேட்டு அவ்வூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பன்மடங்கு பெருகிற்று; கூடவே வேலையும் துண்டு துண்டாகப் பிரிந்து சிறுசிறு கூடங்களுக்குப் போயிற்று. வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், சாயம் தோய்ப்பது வேறோரிடம். ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே குரலில் கேட்க இயலாதபடி தொழிலாளர் சிதறினர். 2005 ஜனவரியில் துணி வாணிபத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுற்றது. அதுமுதல் வங்கதேசத்தோடும் சீனாவோடும் வியட்நாமோடும் விலைப் போட்டி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆர்டர்கள் நின்றன. விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குவோர் நெருக்கினர். செழித்த நாளில் சிந்திய துளியைப் பெற்றவர்கள், வரி விழுந்த நாளில் முதல் அடியை வாங்கினார்கள். திறந்த கதவும் மூடிய கதவும் ஒரே ஆளின் மீதே மோதுகின்றன. கதவின் தாழ் அவன் கையில் இல்லாததே அதற்குக் காரணம்.

பிறரைப் பேசியது போதும். நம் வீட்டுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் பெயர்களைச் சொன்னால் நம் சமுதாயத்தின் பெருமிதம் பேசும். பதப்படுத்திய தோலை உலகுக்கு அனுப்பிய ஊர்கள் அவை. 1972-இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலாக அனுப்பாமல் முழுப் பொருளாகச் செய்து அனுப்ப வேண்டுமென்றது. அதன் வழியே காலணித் தொழில் வளர்ந்தது. கழிவு நீரால் பாலாற்றுப் படுகை பாழானதும், 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் நாடறிந்த செய்தி. ஐரோப்பியக் கடைகளில் பெருவிலைக்கு விற்கும் காலணியின் மேற்பகுதியை ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். இணைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கு ஆலை வாசலும் தெரியாது. வாங்குபவர் பெயரும் தெரியாது. அவர்களிலும் நம் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்போரிலும் நம் சகோதரர்கள் இருக்கிறார்கள்.

"வெளிநாட்டான் விலை தருவதில்லை, நான் என்ன செய்வேன்?" என்று அந்தச் சகோதரர்கள் கேட்கிறார்கள். அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு, நாம் ஒப்புக்கொள்கிறோம். வாங்கும் பெரு நிறுவனத்தின் முன் உள்ளூர் முதலாளியும் ஒருவகையில் கூலியாளே. விருத்தாசலத்துச் சிறு சூளைக்காரரின் நிலையும் அதுவே. அவரை நாம் பகைவராக எண்ணவில்லை. ஆனால் பாதி உண்மையைக் கொண்டு முழுக் கூலியையும் மறுக்கலாகாது. விலை தரவில்லையென்றால் கணக்கைத் தொழிலாளியின் முன் விரியுங்கள். நட்டத்தில் பங்கு கேட்கிறவர் ஆதாயத்திலும் பங்கு தர வேண்டாமா? வியர்வை உலருமுன் கூலி தருவதைப் பற்றிய நபிமொழியை மதரசாவில் மனனம் செய்தோம். கூலியை நிர்ணயிக்கும்போது எதிரே உட்காரும் உரிமையைத் தொழிலாளிக்கு மறுத்துவிட்டு, கொடுக்கும் நேரத்தை மட்டும் பேணினால் அந்தப் போதனைக்குச் செய்த மரியாதை எவ்வளவு?

சபர் சென்ற மக்களைப் பெற்ற வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு தடையின்றி எல்லை கடக்கிறது. பணம் அதைவிட விரைவாகக் கடக்கிறது. மனிதன் மட்டும் வளைகுடாவில் ஒரு கஃபீலின் பெயரில் கட்டப்பட்டே கடக்கிறான். வேலை மாறுவதற்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்னும் விதியை 2020-இல்தான் கத்தார் நீக்கியது. திரும்பிப் போக முடியாதவனுக்குப் பேரமில்லை என்னும் பாடத்தை, பாஸ்போர்ட்டை முதலாளியின் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்காமல் கிடந்த நம் பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள். தோஹாவில் நம் மகனுக்கு வேண்டுமென்று நாம் ஏங்கிய உரிமையை, ஆம்பூரிலும் விருத்தாசலத்திலும் பிறர் மகளுக்கு மறுப்பது நீதியா?

உலக வாணிபத்தின் முன் தொழிலாளி ஏதும் செய்ய இயலாதவன் என்று சிலர் மனம் தளரச் சொல்வார்கள். அதையும் மறுக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கும் நிறுவன விற்பனையும் குறுக்கிட, 2014 நவம்பர் முதல் நாள் மூடப்பட்டது உண்மை; ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்ததும் உண்மை. மூலதனம் நினைத்தால் எழுந்து போய்விடும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதே வட்டாரத்தில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர் சங்க உரிமைக்காக 37 நாள்கள் வெளியே நின்றனர். 2025 ஜனவரியில் அவர்களது சங்கம் பதிவு பெற்றது. ஆலை எழுந்து ஓடிவிடவில்லை. 2023 ஏப்ரலில் அந்நிய முதலீட்டைக் கவர்வதற்கென்று வேலை நேரத்தை 12 மணியாக்க வழி திறக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது; தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து நின்றன; மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

திண்டுக்கல்லில் நடந்ததோ இன்னும் கருதத் தக்கது. 2021-இல் ஓர் இளம் தலித் தையல் தொழிலாளி கொலையுண்ட கொடுமைக்குப் பின், பெரும்பாலும் பெண்களே அமைந்த ஒரு சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை உரிமையாளரையும் வெளிநாட்டு வாங்குவோரையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்தது. ஆலை தவறினால் வாங்குபவர் கேட்டாக வேண்டும் என்பது அதன் சாரம். எந்த வாணிபச் சங்கிலி தொழிலாளியைக் கட்டியதோ, அதே சங்கிலியின் மறுமுனையை அந்தப் பெண்கள் பற்றி இழுத்தார்கள். வாங்குபவருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குக் கேடு வருவதை அவர் அஞ்சுகிறார். அங்கே தொழிலாளிக்குப் பிடி கிடைக்கிறது. தனியாளாக நின்றிருந்தால் அந்தப் பிடி எவர் கைக்கும் எட்டியிராது.

இன்று சட்டம் எத்திசையில் போகிறது? நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. முன்பு 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும். இப்போது அந்த எண் 300. எல்லாத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். போட்டி கடுமையாகும் காலத்தில் பலவீனனின் கையை வலுப்படுத்துவது அரசின் கடமை. அப்போதுதான் பார்த்து அவன் கைத்தடியைக் குறுக்குவதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

ஆகவே நாம் கேட்பவை இவை. பொருள் குவிப்புத் தடுப்பு வரியோ, சலுகையோ, மானியமோ பெறும் எத்தொழிலும் தன் தொழிலாளரின் கூலியையும் தூசுப் பாதுகாப்பையும் கணக்குக் காட்டிய பிறகே அதைப் பெற வேண்டும். விருத்தாசலம் போன்ற இடங்களில் கூடத்துக்குக் கூடம் தனித்தனியே பேசாமல், ஊர் முழுதுக்கும் ஒரே கூலிப் பேச்சு நடக்க வேண்டும். அப்போது நல்ல கூலி தரும் சூளைக்காரர், தராதவரிடம் தோற்க மாட்டார். சிறு கூடங்களுக்குப் பொதுச் சூளையும் புதிய வடிவமைப்பும் கிடைக்க, அங்குள்ள பீங்கான் கல்வி நிலையத்தின் அறிவு பயன்பட வேண்டும். கூலியைக் குறைத்துப் போட்டியிடும் ஊர் என்றைக்கும் தன்னைவிட ஏழையான ஊரிடம் தோற்றே தீரும். தரத்தை உயர்த்திப் போட்டியிட்டால்தான் நிலைக்கும். நம் சமுதாயத்துத் தோல், காலணி, துணி முதலாளிகள், சங்கம் வைத்தவனைப் பகைவனாகப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். திண்ணையில் தைக்கும் பெண்ணின் பெயரும் கூலியும் ஏட்டில் ஏற வேண்டும்.

இவை நடந்தால் தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். கூலி தர இயலாத தொழிலை மலிவான மனிதனைக் கொண்டு காப்பாற்றுவது, வீட்டின் தூணை அறுத்து அடுப்பெரிப்பது போன்றது. சோறு வேகும், கூரை நிற்காது.

வேப்பூர்ச் சந்தைக்கே திரும்புவோம். ஆட்டுக்காரரிடம் நாம் நியாயமாகவே பேரம் பேசுகிறோம். அவரும் நியாயமாகவே பேசுகிறார். அவருக்குத் திரும்பிப் போக வழியிருப்பதால் அந்தப் பேச்சில் இருவருக்கும் மானக்குறைவில்லை. விலை படிந்ததும் கைகொடுத்துப் பிரிகிறோம். சூளைத் தொழிலாளிக்கு அத்தகைய பேச்சை எந்தச் சுங்கவரியும் வாங்கித் தராது. எந்தத் திறந்த துறைமுகமும் வாங்கித் தராது. தன் போன்ற நூறு பேரோடு சேர்ந்து வேண்டாமென்று சொல்லும் நாளில்தான் அவனுக்கு அது கிடைக்கும். அந்த நாளில் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர் நம்மவராக இருந்தால், அவர் ஆட்டுக்காரருக்குக் கொடுக்கும் மரியாதையையேனும் அந்த மனிதனுக்குக் கொடுக்கட்டும்.